ஜப்பான் வாள்காப்பு சேர்க்கப் போகிறீர்களா? முதலில் புளியை ஒளித்து வையுங்கள்!

தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்கள் கூட உண்டு.

வாள்காப்பு சேர்ப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஜப்பானில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில், பிரான்சில், அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

"வாளைச் சேர்த்தாலாவது சுவரில் மாட்டலாம். வாள்காப்பைச் சேர்த்து என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லுகிறேன். இந்த ஆசை உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால், முதல் காப்பு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லுகிறேன்.

என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் காப்பு வெறும் இரும்பாக இருக்கட்டும். அதில் யாருடைய பெயரும் வெட்டப்படாமல் இருக்கட்டும். வாங்கிய பிறகு அதைத் தேய்க்காமல் இருங்கள்.

இந்த மூன்றில் கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். நம்மவர்களுக்கு ரொம்பக் கஷ்டம்!

வாளுக்குப் போட்ட காப்பு

ஜப்பான் வாளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நீளமான, சற்றே வளைந்த வாள். கைப்பிடியும் நீளமாக இருக்கும். இரண்டு கையாலும் பிடிப்பார்கள்.

கைப்பிடி முடிகிற இடத்தில், வாள் தொடங்குகிற இடத்தில், ஒரு தட்டு இருக்கும். அதுதான் வாள்காப்பு. ஜப்பான் மொழியில் அதற்கு "ட்சுபா" என்று பெயர்.

பெண்கள் கையில் போடுகிற காப்பு போல, இது வாளுக்குப் போட்ட காப்பு. சாதாரணமாக 7 அல்லது 8 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். வட்டமாக இருக்கும். முட்டை வடிவிலும் உண்டு. மூலை மழுங்கிய சதுரமும் உண்டு. நாலு இதழ்ப் பூப் போன்றதும் உண்டு.

நடுவிலே ஆப்பு வடிவத்தில் ஒரு துளை. வாளின் அடிக்கம்பி அதற்குள்ளே நுழைந்து கைப்பிடிக்குள் போகும். பக்கத்தில் சிறு துளை ஒன்றோ இரண்டோ இருக்கலாம். வாள் உறையிலேயே ஒரு சின்னக் கத்தியையும், தலைமுடியை ஒதுக்குகிற ஊசி ஒன்றையும் செருகி வைப்பார்கள். அவற்றின் தலை வெளியே வரத்தான் அந்தத் துளைகள்.

இந்தத் தட்டு எதற்கு? எதிரியின் வாள் கையில் விழாமல் தடுப்பதற்கு என்று நினைப்பீர்கள். அதுவும் உண்டு. அதைவிட வேறு ஒரு வேலை உண்டு. வாளால் குத்தும்போது, குத்துகிறவனின் கையே வழுக்கிக் கொண்டு முன்னால் போகும். தன் வாளிலேயே தன் விரல் அறுந்துவிடும். அது நேராமல் காப்பது இந்தத் தட்டு. வாளின் எடையைக் கைப்பக்கம் இழுத்து, வாள் கைக்கு இணக்கமாக நிற்கவும் உதவும்.

காப்புக்கு மேலும் கீழும் மெல்லிய வளையத் தகடுகள் போடுவார்கள். ஆடாமல் இருக்கத்தான். அவற்றுக்கு "செப்பா" என்று பெயர்.

ஜப்பானியர் இன்றும் பேச்சில் இந்தச் சொற்களை விடவில்லை. தேர்தலிலோ விளையாட்டிலோ இரண்டு பேர் சரிக்குச் சரியாக மோதினால், "காப்போடு காப்பு உரசுகிறது" என்ற பொருளில் ஒரு சொல் சொல்லுவார்கள். தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக் கொண்டவனை "செப்பா அடைத்துக் கொண்டது" என்பார்கள். வாள் போய்விட்டது. வாளின் சொல் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

சண்டை நின்றது, அழகு வந்தது

ஜப்பானில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓயாத உள்நாட்டுச் சண்டை இருந்தது. அந்தக் காலத்துக் காப்புகள் பெரும்பாலும் எளிமையானவை. இரும்புத் தட்டு. அதில் சின்னதாக ஒரு பூ, ஒரு சக்கரம் அறுத்திருக்கும். அவ்வளவுதான்.

1603ஆம் ஆண்டில் டோக்குகாவா குடும்பத்தின் ஆட்சி தொடங்கியது. 1638இல் ஒரு பெரிய கலகம் அடக்கப்பட்டது. அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுக்கு மேல் நாட்டில் பெரிய போர் இல்லை.

ஆனால் சாமுராய் என்ற போர் வீரர்கள் இருந்தார்கள். இடுப்பில் இரண்டு வாள் செருகிக் கொள்வது அவர்கள் உரிமை. சண்டை இல்லாத ஊரில் வாளை வைத்து என்ன செய்வது? அலங்காரம் செய்தார்கள்!

வாளை உறையிலிருந்து உருவினால்தான் வாள் தெரியும். காப்பு எப்போதும் வெளியில் தெரியும். ஆகவே ஒருவனுடைய ரசனையைக் காட்டுகிற இடம் காப்புதான். வணிகர்களும் சின்ன வாள் ஒன்று வைத்துக் கொள்ளலாம். அவர்களிடம் பணம் இருந்தது. பொன்னும் வெள்ளியும் இழைத்த காப்புகளைக் கேட்டு வாங்கினார்கள்.

அந்தச் சின்னத் தட்டுக்குள் எதைத்தான் செதுக்கவில்லை! அலை, கொக்கு, மூங்கில், பாலம், சுரைக்காய். தட்டான் பூச்சி கூட உண்டு. தட்டான் முன்னால்தான் பறக்கும், பின்வாங்காது என்று நம்பினார்கள். அதை "வெற்றிப் பூச்சி" என்றே அழைத்தார்கள். போர் வீரனுக்கு அதைவிட நல்ல சின்னம் ஏது?

மியாமோட்டோ முசாஷி என்ற புகழ்பெற்ற வாள் வீரர் 1645இல் இறந்தார். அவர் செய்ததாகப் பரம்பரையாகச் சொல்லப்படும் காப்பின் வடிவம் என்ன தெரியுமா? கடல் அட்டை! இரண்டு கடல் அட்டைகள் வளைந்து கிடப்பது போன்ற துளைகள். வேறு அலங்காரம் இல்லை. அந்த வடிவத்தைப் பலர் பார்த்துச் செய்தார்கள்.

ஒரு நாளில் வேலை போயிற்று

1876ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் தேதி புதிய அரசாங்கம் ஒரு கட்டளை போட்டது. இராணுவத்தாரும் போலீசாரும், சடங்கு உடை அணிந்தவர்களும் தவிர வேறு யாரும் பொது இடத்தில் வாள் செருகக் கூடாது.

வாள் செருகுகிறவன் இல்லை என்றால் காப்பு வாங்குகிறவன் ஏது? தலைமுறை தலைமுறையாகக் காப்புச் செய்து பிழைத்த பட்டறைகள் வேலை இழந்தன. கோட்டோ என்று ஒரு குடும்பம். 15ஆம் நூற்றாண்டிலிருந்து பதினேழு தலைமுறை வாள் அணிகலன் செய்த குடும்பம். அதற்கும் அதே கதிதான்.

கெட்டிக்காரர்கள் சிலர் தப்பினார்கள். கானோ நட்சுவோ என்பவர் (1828-1898) வாள் அணிகலன் செய்த பெரிய கலைஞர். புதிய அரசாங்கத்தின் நாணயங்களுக்கு உருவம் செதுக்கியவரும் அவரே. 1890இல் டோக்கியோ கலைப்பள்ளியில் பேராசிரியர் ஆனார். வேறு பலர் வெளிநாட்டாருக்குப் பூந்தொட்டியும் பெட்டியும் செய்து காலம் தள்ளினார்கள்.

பழைய காப்புகள் என்ன ஆயின? வாளிலிருந்து கழற்றப்பட்டன. விற்கப்பட்டன. கப்பல் ஏறின. வாளிலிருந்து கழற்றியதும், அது யார் வாளில் இருந்தது என்ற கதையும் கழன்று போயிற்று. ஆர்தர் சர்ச் என்ற ஆங்கில இரசாயன அறிஞர் சேர்த்த காப்புகள் ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் காட்சிசாலையில் இருக்கின்றன. லண்டன், பாஸ்டன், நியூயார்க் காட்சிசாலைகளிலும் ஏராளமாக இருக்கின்றன. தனி மனிதர் வீடுகளில் இருப்பவையும் மிகப் பல.

இன்றும் ஜப்பானில் புதிதாகக் காப்புச் செய்யும் கலைஞர்கள் உண்டு. ஆனால் பழையது பழையதுதான். அது இனிமேல் பிறக்காது. ஒன்று கெட்டால் ஒன்று குறைந்தது. இதை மனத்தில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

தோலை உரிக்கலாமா?

ஜப்பான் தட்டார்கள் சில கலப்பு உலோகங்களைச் செய்தார்கள். "ஷாக்குடோ" என்று ஒன்று. செம்பிலே கொஞ்சம் பொன். நூற்றுக்கு மூன்று நாலு பங்கு இருக்கும். "ஷிபுயிச்சி" என்று இன்னொன்று. செம்பிலே வெள்ளி. அந்தப் பெயருக்கு "நாலில் ஒன்று" என்று பொருள்.

உருக்கி அடித்தவுடன் ஷாக்குடோவைப் பார்த்தால் செம்பு போலத்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் வித்தை! காப்பை நன்றாகக் கழுவுவார்கள். துருவிய முள்ளங்கியைப் பூசுவார்கள். செம்புக் களிம்பு முதலியவை கலந்த நீரில் கொதிக்க வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் நிறம் மாறும். ஷாக்குடோ கறுப்பாகும். அண்டங்காக்கையின் இறகு போல, நீலமும் ஊதாவும் ஓடுகிற கறுப்பு. ஷிபுயிச்சி சாம்பல் நிறமாகும். அதன்மேல் பொன்னை இழைத்தால், இரவு வானத்தில் நிலா எழுந்தது போல இருக்கும்.

இது வண்ணப்பூச்சு அல்ல. உலோகத்தின் மேலே வளர்ந்த தோல். மிக மிக மெல்லிய தோல்.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். ஒருவர் ஆசைப்பட்டு ஒரு காப்பு வாங்குகிறார். கறுத்துக் கிடக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள். "ஐயோ, எவ்வளவு அழுக்கு!" என்று புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குகிறார்கள். பளபள என்று செம்பு தெரிகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி!

இருநூறு ஆண்டு இருந்த தோல் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது.

செம்புக் குடத்துக்குப் புளி சரி. குத்துவிளக்குக்குப் புளி சரி. அவை தேய்க்கத் தேய்க்க அழகு. வாள்காப்பு தேய்த்தால் செத்துப் போகும். புதிதாக நிறம் ஏற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பழைய தோல் திரும்பாது.

இரும்புக் காப்பும் அப்படித்தான். அதன் கரும்பழுப்பு நிறம் செய்தவன் வேண்டுமென்றே வரவழைத்தது. இரும்பைப் பக்குவமாகத் துருப்பிடிக்கச் செய்து, அந்தத் துருவை அடக்கி, வழவழப்பான தோலாக்கினான். பிறகு எத்தனையோ கைகள் தொட்டுத் தொட்டு அது ஆழ்ந்த நிறம் பெற்றது.

துருவில் இரண்டு வகை உண்டு. கறுப்பாக, அழுத்தமாக, கையில் ஒட்டாமல் இருப்பது நல்ல துரு. அதை விட்டுவிடுங்கள். செங்கல் பொடி போலச் சிவந்து, தொட்டால் விரலில் ஒட்டுவது கெட்ட துரு. அது இரும்பைத் தின்னும். அதை எடுக்கத்தான் வேண்டும். எதனால்? மான் கொம்புத் துண்டால், அல்லது எலும்புத் துண்டால். இரும்பைவிட மென்மையானது ஆகையால் தோல் கீறாது. துரு மட்டும் பொடிப்பொடியாக உதிரும். ஒரு நாளில் ஆகாது. தினம் பத்து நிமிடம், பல வாரம். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் கூடாது. எலுமிச்சம்பழம் கூடாது. துருப்போக்கும் மருந்து கூடாது. வார்னிஷ் கூடவே கூடாது.

சந்தேகமாக இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். தெரியாத கை சும்மா இருப்பதே மேல்.

ஏன் இரும்பு?

"பொன் இழைத்த காப்பு இவ்வளவு அழகு என்று சொல்லிவிட்டு, இரும்பை வாங்கச் சொல்லுகிறீரே?" என்று கேட்கலாம்.

பொன் கண்ணை மயக்கும். புதியவருக்குப் பொன்தான் தெரியும், வேலை தெரியாது. கோட்டோ குடும்பத்தார் நிலத்திலே மீன் முட்டை போலப் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். ஒவ்வொரு புள்ளியும் சிறு உளியை வைத்துத் தனித்தனியே தட்டியது. வரிசை கொஞ்சமும் பிசகாது. நல்ல வேலையையும் மட்டமான வேலையையும் அந்தப் புள்ளிகளிலே பிரித்துப் பார்க்கப் பழகின கண் வேண்டும். பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விலை மட்டும் ஒன்றல்ல!

இரும்புக் காப்பில் மயக்க எதுவும் இல்லை. வடிவம் இருக்கிறது. இரும்பின் தன்மை இருக்கிறது. அவ்வளவுதான். அது நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது. இல்லை என்றால் இல்லை.

அதிலும் துளை வேலை செய்த காப்பைச் சொல்லுகிறேன். இரும்புத் தட்டைத் துளைத்து, அரத்தால் அராவி, வேண்டாததை எல்லாம் எடுத்து, உருவத்தை மட்டும் நிறுத்துவது. ஓவாரி நாட்டில் செய்தவை கனமாக, கம்பீரமாக இருக்கும். கியோட்டோவில் செய்தவை மெலிந்த கோடுகளோடு நளினமாக இருக்கும். சிலவற்றில், விளிம்பைத் தடவினால் சிறு முடிச்சுகள் தட்டுப்படும். இரும்பை மடித்து அடித்தபோது, கெட்டியான பகுதி அங்கங்கே புடைத்து நிற்கிறது. அதை "இரும்பின் எலும்பு" என்கிறார்கள் ஜப்பானியர். எவ்வளவு பொருத்தமான பெயர், பாருங்கள்! எனக்குப் பொன்னைவிட அந்த எலும்புதான் பிடிக்கும். கொல்லனின் சுத்தியல் கண்ணுக்குத் தெரிகிற இடம் அது.

பெயர் இல்லாத, நல்ல இரும்புக் காப்பு இன்றும் நடுத்தரக் குடும்பம் சேமித்து வாங்கக் கூடிய விலைக்குக் கிடைக்கும். பெரிய கலைஞரின் காப்பு பல லட்சம் ரூபாய் ஆகும். அதைக் காட்சிசாலையில் பார்த்துக் கொள்ளலாம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நடுத் துளையின் இரு பக்கத்திலும் செய்தவர் தம் பெயரை வெட்டுவது உண்டு. நொபுயியே, கனெயியே என்ற இரண்டு பெயர்கள் மிகப் புகழ் பெற்றவை. ஆகவே போலிக் கையெழுத்தும் அந்தப் பெயர்களில் மிக அதிகம். ஹிக்கொனே ஊரைச் சேர்ந்த சோட்டேன் என்பவர் பாணியில், போர்க்களக் காட்சிகளைச் செதுக்கிய காப்புகள் வெளிநாட்டாருக்குப் பிடித்துப் போயின. அவர் பெயரைப் போட்டுக் கணக்கில்லாமல் செய்து தள்ளினார்கள்.

பெயர் வெட்டுவது சுலபம். நல்ல காப்பு செய்வதுதான் கஷ்டம். பெயருக்குப் பணம் கொடுக்கிற புதியவர், பெரும்பாலும் நாலு எழுத்துக்குப் பணம் கொடுக்கிறார். பெயர் இல்லாத காப்பில் பெயரால் ஏமாற்ற முடியாது அல்லவா?

இப்போது வேறொரு ஆபத்தும் உண்டு. அச்சில் வார்த்த போலிகள் மலிவாக வருகின்றன. பழைய இரும்புக் காப்பு பெரும்பாலும் அடித்து, அறுத்து, அராவிச் செய்தது. துளையின் உள்சுவரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அராவிய சுவர் ஒழுங்காக இருக்கும். வார்த்த சுவர் சொரசொர என்று இருக்கும். குமிழி வெடித்த சிறு பள்ளங்கள் தெரியும். விளிம்பில் அச்சின் இரு பாதி சேர்ந்த கோடு சில சமயம் தெரியும். செதுக்கிய கோடுகள் கூர்மை இல்லாமல், சோப்பு கரைந்தது போல இருக்கும்.

நடுத் துளையையும் பாருங்கள். காப்பை ஒரு வாளிலிருந்து கழற்றி வேறு வாளில் மாட்டும்போது, துளையை அளவாக்கச் சின்னச் செம்புத் துண்டுகளை அடைப்பார்கள். சுற்றிலும் உளியால் குத்துவார்கள். அந்த அடையாளங்கள் குறை அல்ல. அந்தக் காப்பு உழைத்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. சில காப்புகள் ஒரு நாளும் வாளில் ஏறியதில்லை, அதுவும் உண்மை. ஆகவே ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "தட்டினால் கணீர் என்று ஒலித்தால் உண்மை" என்பார்கள் சிலர். அதையே நம்பி நான் பணம் கொடுக்க மாட்டேன்.

ஜப்பானில் கலை வாள்களைக் காக்கும் சங்கம் ஒன்று 1948இல் ஏற்பட்டது. டோக்கியோவில் வாள் காட்சிசாலையும் நடத்துகிறது. காப்புகளைப் பார்த்து, இன்ன பாணி, இன்னார் வேலை என்று அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கிறது. பத்திரத்தில் காப்பின் படம் இருக்கும். படமும் பொருளும் ஒன்றுதானா என்று நீங்களே ஒத்துப் பார்க்க வேண்டும். முதல் காப்புக்குப் பத்திரம் இருந்தால் நல்லது. கொஞ்சம் விலை கூடினாலும் நிம்மதி உண்டு.

ஓர் ஆண்டு பார்த்துவிட்டு வாங்குங்கள்

இந்தக் காலத்தில் கைப்பேசியிலேயே ஏலம் நடக்கிறது. இரவு பதினோரு மணிக்குப் படுக்கையில் படுத்துக் கொண்டு ஜப்பானில் உள்ள பொருளை வாங்கிவிடலாம். அதனால்தான் பயமாக இருக்கிறது! முன்பு பணம் இருந்தாலும் பொருள் கிடைக்கத் தாமதம் ஆகும். அந்தத் தாமதத்தில் அறிவு வளரும். இப்போது அறிவு வருவதற்கு முன்னால் பார்சல் வந்துவிடுகிறது.

அதே கைப்பேசியில் நல்லதும் உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சிசாலை 2017 முதல், தன்னிடம் உள்ள பொருள்களில் பதிப்புரிமைத் தடை இல்லாதவற்றின் படங்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்த விட்டிருக்கிறது. அவற்றில் வாள்காப்புகள் நிறைய உண்டு. பாஸ்டன் காட்சிசாலைப் படங்களையும் பார்க்கலாம். தினம் நாலு காப்பு பாருங்கள். குழந்தைகளையும் கூட்டிக் கொள்ளுங்கள். "இதிலே என்ன உருவம் இருக்கிறது, சொல்லு!" என்று கேளுங்கள். நமக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பறக்கும் வாத்துக் கூட்டத்தை மூன்று கோட்டில் காட்டியிருப்பான் ஒருவன். அது பிள்ளைகளுக்கு உடனே தெரியும்.

ஓர் ஆண்டு இப்படிப் பார்த்தால் ஆயிரம் காப்புக்கு மேல் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு ஒரு ருசி வரும். அதற்குப் பிறகு ஒன்று வாங்குங்கள். ஒன்றே ஒன்று.

மலிவாகப் பத்து வாங்குவதைவிட அந்தப் பணத்தில் நல்லதாக ஒன்று வாங்குவது மேல். பத்து மட்டமான காப்புகள் உங்களுக்குக் கற்றுக் கொடுப்பது மட்டமான காப்பு எப்படி இருக்கும் என்பதை மட்டுமே. விற்கப் போனால் வாங்குவாரும் இல்லை.

வாங்குமுன் இரண்டு பக்கப் படமும், விளிம்பின் படமும் கேளுங்கள். அகலம், உயரம், கனம், எடை கேளுங்கள். திருப்பித் தரலாமா என்று கேளுங்கள். தபால் செலவும் சுங்க வரியும் எவ்வளவு என்று விசாரித்து, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வீட்டில் மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் வாங்காதீர்கள். கடன் வாங்கி வாங்காதீர்கள். "நாளைக்கு இரட்டிப்பு விலை போகும்" என்று யாராவது ஆசை காட்டினால், அவரிடம் வாங்காதீர்கள்.

வெட்டாத இரும்பு

"கொலைக் கருவியின் துண்டை வீட்டுக்குள் கொண்டு வரலாமா?" என்று பெரியவர்கள் கேட்கக் கூடும். அதற்கும் என் எண்ணத்தைச் சொல்லுகிறேன். வாளின் உறுப்புகளிலே வெட்டாத உறுப்பு இது. வெட்டுகிற இரும்புக்கும் மனிதன் கைக்கும் நடுவில் நின்ற இரும்பு. அதைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

ஆம், பிடித்துக் கொண்டுதான் உட்கார வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்தால் பாதிதான் தெரியும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் கொள்ளுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள். சன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கச் சாய்க்க நிறம் மாறும். மின்விளக்கில் இது வராது. பார்த்த பிறகு துணியால் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வியர்வையில் உப்பு அதிகம். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள். ஜப்பானியர் பவுலோனியா என்ற இலேசான மரத்தில் பெட்டி செய்து, உள்ளே பஞ்சு மெத்தை வைத்து, காப்பைப் படுக்க வைப்பார்கள். அந்தப் பெட்டியின் மூடியில் அறிஞர்கள் தங்கள் கருத்தை மையால் எழுதிக் கொடுப்பதும் உண்டு. அப்படி எழுத்து உள்ள பெட்டி கிடைத்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். பெட்டி பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

பெட்டி இல்லாமல் வந்தால், நீங்களே ஒன்று செய்யலாம். ஒரு தாள் எடுத்துக் கொள்ளுங்கள். எந்தத் தேதியில் வாங்கினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள், என்ன விலை, அகலம் எவ்வளவு, எடை எவ்வளவு, விற்றவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். எந்த இடத்தில் சிவப்புத் துரு இருந்தது என்று எழுதுங்கள். மான் கொம்பால் தேய்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். அந்தத் தாளை மடித்துக் காப்புக்கு அடியில் வைத்து, பெட்டியை மூடுங்கள். உங்களுக்குப் பின்னால் அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அது வேண்டியிருக்கும்.